அனுமதி இலவசம்

முதல் தடவை நாங்கள் போனது ஒரு வெள்ளிக்கிழமை.
பூட்டிய கேட்டில் தகரப் பலகை தொங்கியது:
வெள்ளி விடுமுறை.
"வெள்ளி லீவுன்னா தங்கம் தொறந்திருக்குமாம்மா?"
என்றான் நித்தின்.
ரவுண்டானா பக்கம் ஆளுக்கொரு போண்டா தின்று
அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம்.

இலவசத்துக்கு இது இரண்டாம் பயணம்.
எனக்கும் கோபிகாவுக்கும் டவுன் பஸ்ஸில் காசில்லை.
அவருக்கு முழு டிக்கெட், பையனுக்கு அரை.
அவருடைய ஒருநாள் கூலி போச்சு.
மாங்கூழ் கம்பெனியில் சீசன் முடிந்ததால்
என் கணக்கில் போவதற்கு ஒன்றுமில்லை.
ஜெகதேவியிலிருந்து கூட்டிக் கழித்துக்கொண்டே வந்தேன்.

பெரிய நகரத்து மியூசியம் ஒன்றைப் பார்த்து
இரண்டு பக்கம் எழுதி வரச் சொல்லியிருந்தார் டீச்சர்.
மெட்ராஸ் என்றாள் இவள்.
பெங்களூர் என்றான் அவன்.
எங்கள் பஸ் போகிற தூரத்துக்குள்
பெரிய நகரம் கிருஷ்ணகிரிதான்.

வாசலில் அவர் செருப்பைக் கழற்றினார்.
"கோயில் இல்லீங்க, போட்டுக்கிட்டே போங்க"
என்றார் காவலர்.
போடவில்லை.
கையில் பிடித்தபடியே உள்ளே வந்தார்.

புட்டியில் பாம்பு.
கண்ணாடிக்குள் பஞ்சடைத்த பறவை,
அதன் ஒரு கண் கொஞ்சம் தள்ளி ஒட்டியிருந்தது.
தேய்ந்த காசுகள், ஈமத்தாழி, துருவேறிய வாள்.
கோபிகா ஒவ்வோர் அட்டையையும்
எழுத்துப் பிழையோடு அப்படியே நகலெடுத்தாள்.
எனக்குக் கால் வலித்தது.
மின்விசிறிக்குக் கீழே இடம் பார்த்து நின்றேன்.

கடைசியில் நடுகற்கள்.
மாடு மீட்கப் போய்ச் செத்தவன்,
நெஞ்சிலும் தொடையிலும் அம்பு,
இரண்டு பெண்கள் தோளைப் பிடித்து
மேலே கூட்டிப் போகிறார்கள்.
"மூணு அம்பு" என்றான் நித்தின்.
"நாலு" என்றாள் அக்கா.
சண்டை மூண்டது.

எல்லாரும் கல்லின் முகத்தைப் பார்க்க
இவர் மட்டும் சுவருக்கும் கல்லுக்கும் நடுவே
ஒருக்களித்து நுழைந்து
முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
குவாரியில் பதினெட்டு வருஷம்.
தொட வேண்டாம் என்று எழுதியிருந்ததால்
விரலை ஓர் அங்குலம் தள்ளி வைத்துக்கொண்டு
காற்றிலேயே தடவினார்.
வெளியே வந்தபோது சட்டையெல்லாம் சுண்ணாம்பு.

"கொத்தினவன் இடக்கைக்காரன்" என்றார்.
யாரிடமும் சொல்லவில்லை, வாய்க்குள் சொன்னார்.
"உளி விழுந்த சாய்வு அப்படி."

அட்டையில் நூற்றாண்டு இருந்தது.
அரசன் பேர் இருந்தது.
செத்தவன் பேர், அவன் அப்பன் பேர், ஊர் பேர்.
கோபிகா கடைசி வரியாக இதையும் எழுதிக்கொண்டாள்.

வெளியேறும் வழியில் பெரிய நோட்டு,
கருத்து எழுதும் இடம்.
பேனா நூலில் கட்டியிருந்தது.
எங்களுக்கு முன்னால் வந்த யாரோ
அருமை, மிக அருமை, கழிப்பறை தேவை
என்று எழுதியிருந்தார்கள்.
செருப்பை என்னிடம் கொடுத்துவிட்டு
வெகுநேரம் குனிந்து நின்றார்.
எட்டிப் பார்த்தேன்:
முனிராஜ், ஜெகதேவி.
கல் நல்ல கல்.

திரும்பும் பஸ்ஸில் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த
காசில்லாத டிக்கெட்டுகளை
கோபிகா நோட்டில் சோற்றுப் பசையால் ஒட்டினாள்.

திங்கட்கிழமை நோட்டு வந்தது.
பத்துக்கு எட்டு.
கடைசி வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம்,
ஓரத்தில் ஒரு கேள்வி:
ஆதாரம்?

அவர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
ரசம் ஊற்றச் சொன்னார்.

ராத்திரி கரண்ட் போன நேரம்
குழாயடியில் டொக், டொக் என்று சத்தம்.
ஒரே தாளத்தில் இல்லை,
புதிதாய் நடக்கிற பிள்ளை மாதிரி
தடுக்கித் தடுக்கி.
எழுந்து போகலாமா என்று நினைத்தேன்.
போகவில்லை.

காலையில் துவைக்கிற கல்லின் ஓரத்தில்
மூன்று கோடு,
எதிர்ப்பக்கம் சாய்ந்து, கோணலாய்.
அவருடைய வலது கட்டைவிரலில் ரத்தம் கட்டியிருந்தது.

இப்போதும் துவைக்கும்போது
நுரையெல்லாம் ஓடின பிறகு
அந்தக் கோடுகளில் மட்டும்
கொஞ்ச நேரம் வெள்ளை நிற்கிறது.