கையால் மட்டும்

மழை விடாத சோக்கோவில்
நகராட்சி அலுவலகத்தின் மூன்றாம் சன்னல் என்னுடையது.
பொன் அரிப்பவர்கள் பதிவு.
சுவரில் விதிகளை ஒட்டியிருக்கிறேன்:
எந்திரம் கூடாது. பாதரசம் கூடாது.
மரத்தட்டு, மண்வெட்டி, கை.
கையால் மட்டும்.
ஈரத்தில் அந்த 'மட்டும்' உரிந்து தொங்குகிறது.

நிமியா ஆற்றிலிருந்து நேரே வந்தாள்.
பாவாடை நுனியில் மணல்.
பிறந்த தேதி?
"பெரிய வெள்ளத்துக்கு மறுவாரம்."
அரிக்கும் இடம்?
"ஆறு எங்கே விடுதோ அங்கே."
படிவம் ஒரு புள்ளியைக் கேட்கிறது,
அட்சரேகை தீர்க்கரேகையோடு.
ஆறோ போன மாதம் இருந்த இடத்தில்
இந்த மாதம் இல்லை.
பழைய தேவாலயத் துறை என்று போட்டேன்.
அங்கே இப்போது வாழை.

பிறகு விரல் ரேகை.
வலது பெருவிரல். சிவப்பு விளக்கு.
துடைத்து வைத்தாள். சிவப்பு.
ஆட்காட்டி. நடு.
மோதிரம் போடாத மோதிர விரல்.
பத்தும் வைத்தாயிற்று.
முப்பது வருட மணல்
ரேகைகளை அரித்துக்கொண்டு போயிருக்கிறது.
அரிசி களைந்த கடைசித் தண்ணீர்போல
ஒன்றுமில்லாமல் தெளிந்த விரல்கள்.

மறுபடி முயல்க, என்றது எந்திரம்.
முயன்றோம். மின்சாரம் போனது. வந்தது. முயன்றோம்.
"எலுமிச்சை தேய்த்துப் பார்க்கட்டுமா?"
வரிசையில் பின்னால் நின்ற பெனிக்னா
"என்னதும் அப்படித்தான்" என்று
இரு கையையும் விரித்துக் காட்டினாள்.

பதிவு இல்லையென்றால் அர்செனியோ வாங்கமாட்டார்.
வாங்குவார், பாதி விலைக்கு,
கதவைச் சாத்திக்கொண்டு.
ஆறு நாள் வேலை, மூன்று குன்றிமணி எடை இருக்கும்.
இலைச்சாற்று நுரையில் பிரித்தது, பாதரசம் தொடாதது.
தீர்ந்துபோன மாத்திரை அட்டையின் ஒரு குழியில்
வைத்திருந்தாள் அதை.

கணினியில் ஒரு வழி இருந்தது.
பக்கத்தின் அடியில், சாம்பல் எழுத்தில்:
விண்ணப்பதாரருக்குக் கைவிரல்கள் இல்லை.
அதை அழுத்தினேன்.
பச்சை.
சான்றிதழ் சூடாக வெளியே வந்தது:
விரல்கள் இல்லாத நிமியா
கையால் மட்டும் பொன் அரிக்க அனுமதிக்கப்படுகிறார்.
வாசித்துக் காட்டினேன்.
சிரித்தாள்.
"மாதம் முப்பத்தைந்து கிராமுக்கு மேல் கூடாது" என்றேன்,
சொல்லவேண்டியது என் வேலை.
இன்னும் சிரித்தாள், இருமல் வரும்வரை.
"மேலே போனால் உனக்குச் சொல்லி அனுப்புகிறேன்."

வளைவுக்கு அப்பால் நான்கு பொக்லைன்கள்.
இரவில் தெப்பத்தில் வந்தவை.
அவற்றுக்கு என் சன்னலில் வேலையில்லை,
யாரும் அவற்றின் விரலைக் கேட்டதில்லை.
ஒவ்வொன்றுக்கும் ஐந்து பல்.
கரையில் அவை பதித்த தடத்தை
இங்கே உட்கார்ந்தபடியே படிக்கலாம்,
எந்த விளக்கும் எரியவேண்டாம்.

ஜூன் முடிவதற்குள்
எங்கள் ஊரில் நாற்பத்தொரு விரலில்லாப் பெண்கள்.
பொகோட்டாவிலிருந்து தொலைபேசி.
இளம் குரல், மரியாதையான குரல்.
"உங்கள் பகுதியில் ஏதாவது விபத்தா, அம்மா?
கண்ணிவெடி? மர அறுவை ஆலை?
நிவாரணத்துக்கு எழுதட்டுமா?"
எழுதுங்கள் என்று சொல்லிவிடலாமா
என்றுகூட ஒரு கணம் தோன்றியது.
நாற்பத்தொரு பேர், தலைக்கு இவ்வளவு.

அப்போது சன்னல் கண்ணாடி அதிர்ந்தது.
"பின்னால் என்ன இரைச்சல்?"

என் வீடு வளைவுக்கு இப்பால்.
அலுவலகம் முடிந்து
அந்த வழியாகத்தான் நடந்து போகிறேன், தனியாக.
மழை, என்றேன்.
இங்கே எப்போதும் மழைதான், ஐயா.