வேலை விண்ணப்பம் எழுதுதல்

பாடத்திட்டத்தில் இந்த வாரத்துக்கு அதுதான் போட்டிருந்தது.
செஸ்தோ சான் ஜொவான்னியில்
பழைய இரும்பாலைக்குப் பின்னால் எங்கள் தொழிற்பள்ளி.
இரண்டு ஹீட்டரில் ஒன்றுதான் சுடும்,
பதினேழு பேரும் அதன் பக்கமே உட்கார்ந்திருப்பார்கள்.
சத்தம் கூடினால் நான் ஒரு விசில் அடிப்பேன். அடங்கும்.

மாதிரிக்கு ஒரு கடிதம் கொண்டுபோனேன்.
ஐந்நூறு ஆண்டுக்கும் பழையது.
இங்கிருந்து சிவப்பு மெட்ரோவில் ஏறினால்
அரை மணிக்குள் போய்விடலாம், அந்தக் கோட்டைக்கு;
அங்கே ஆண்டவனிடம் வேலை கேட்டு
ஊர் மாறி வந்த ஒருவன் எழுதியது.
பெயரை மடித்து மறைத்து நகலெடுத்திருந்தேன்.

எண் போட்டு அடுக்குகிறான்:
தூக்கிச் செல்லக்கூடிய பாலம் கட்டுவேன்,
எதிரியின் பாலத்தை எரிப்பேன்,
அகழியை வற்றவைப்பேன்,
கல்மழை பொழியும் பீரங்கி செய்வேன்,
ஓசையில்லாமல் சுரங்கம் தோண்டுவேன்,
ஆற்றுக்கு அடியில் என்றாலும்.

"ஆயுத வியாபாரியா, மிஸ்?" என்றான் எர்மால்.
"புளுகன்" என்றாள் யெசேனியா.
"என் மாமா லிமாவிலிருந்து வந்த புதிதில்
வெல்டிங் தெரியும், குழாய் வேலை தெரியும்,
கிரேன் தெரியும் என்று எழுதிக்கொடுத்தார்.
அவருக்குத் தெரிந்தது கேக்குக்கு க்ரீம் பூச மட்டும்."
ஹீட்டர் பக்கம் ஒரே சிரிப்பு. நானும் சிரித்தேன்.

பத்தாவது எண்ணில்தான்
சமாதான காலம் என்று ஒன்று வந்தால் எனத் தொடங்கி,
கட்டடம், வாய்க்கால், சிலை என்று போய்,
விடைபெற்று வாசல் வரை வந்துவிட்டு
செருப்பு மாட்டும்போது சொல்வதுபோல:
ஓவியமும் வரைவேன், எவருக்கும் சளைக்காமல்.

மடிப்பைப் பிரித்தார்கள்.
ஃபாவுஸ்தோ காபி மிஷினுக்கு வைத்திருந்த ஒரு யூரோவை எடுத்து,
வட்டத்துக்குள் கைவிரித்து நிற்கும் ஆளைக் காட்டி,
"இதைப் போட்டவரா?" என்றான்.
காசு கைமாறிக் கைமாறிப் போனது.
(திரும்பி வரவில்லை.)

"அப்புறம் ஏன் ஓவியத்தை முதலில் எழுதவில்லை?"

பதில் தயாராக இருந்தது. பக்கம் நாற்பத்தொன்று.
முதலாளிக்கு எது வேண்டுமோ அதை முதலில் எழுதவும்.
பிரபுவுக்குப் போர் இருந்தது என்றேன்.
சொல்லும்போதே என் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

கிடைத்திருக்கும் பிரதியில் கையெழுத்து அவருடையதல்ல,
வேறு யாரோ எழுதித்தந்தது என்கிறார்கள்.
இதைச் சொல்லியிருக்கக் கூடாது.
ஒத்தாவியா உடனே தன் தாளை
யெசேனியா பக்கம் தள்ளிவிட்டாள்.

இரவு, சமையலறை மேசையில் திருத்தினேன்.
எர்மால் எழுதியிருந்தான்:
கார்புரேட்டர் கழற்றி மாட்டுவேன்.
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவேன் (உரிமம் இல்லை).
இரவு ஷிப்ட் பார்ப்பேன்.
சண்டையை விலக்குவேன், வேண்டுமானால் தொடங்குவேன்.
ஒன்பது காலி.
பத்து: துர்ரசிலிருந்து வரும் கப்பலில்
மேல்தளத்தில் விடியும்வரை தூங்காமல் நிற்பேன்.
கடல் எத்தனை விதமாகக் கருப்பு என்று
கேட்டால் சொல்வேன்.

சிவப்பு மையில் 'தொடர்பில்லாதது' என்று எழுதப்போய்
'தொட' வரை எழுதி நிறுத்திவிட்டேன்.
பத்துக்கு ஏழரை.

என் ஒப்பந்தம் ஜூனில் முடிகிறது.
அடுத்த ஆண்டுக்கான படிவம் கணினியில் திறந்தே கிடக்கிறது
ஒரு வாரமாக.
பிற திறன்கள், இருநூறு எழுத்துக்குள்.
பெட்டி காலியாக இருந்தால் அடுத்த பக்கம் போகவிடாது.
முதலுதவிச் சான்றிதழ், இரண்டு மொழி,
கணினிப் பயிற்சி, மாலை வகுப்புக்கும் சம்மதம்.
இன்னும் கொஞ்சம் இடம் இருந்தது.

கருங்குருவி போல விசிலடிப்பேன்,
நிஜக் குருவி பதில் சொல்லும்வரை
என்று அடித்தேன்.
எழுத்து கூடிவிட்டது, பெட்டி சிவப்பாகியது.

கணினிப் பயிற்சியை எடுத்துவிட்டேன்.