அத்தியாயம் நாற்பத்தொன்று

அக்டோபரில் எங்கள் சமவெளிக்கு இரவு கிடையாது.
பீட்கிழங்கு லாரிகளின் விளக்குகள்
ஃபார்கோவுக்கு வடக்கே வரிசைகட்டி ஊரும்.
வயலுக்கும் எடைமேடைக்கும் நடுவே பதினோரு மைல்,
பன்னிரண்டு மணி நேர ஷிப்ட்.
ரேடியோவில் வானிலை, வேதாகமம், பன்றி விலை.
மூன்றாம் இரவு சலித்துப்போய் போனைத் தட்டினேன்.
இலவசம் என்றிருந்தது. அதனால்தான்.
வேறு காரணம் சொன்னால் பொய்.

"இந்தப் பதிவு பொதுச்சொத்து" என்றாள் ஒருத்தி.
சிரித்தேன். பொதுச்சொத்தென்று நான் அறிந்தது
சாலையோரப் பள்ளமும் அதில் தேங்கும் தண்ணீரும்.
"வாசிப்பது பெர்னிஸ் டகெட், டனீடின், நியூசிலாந்து."

எனக்கும் புத்தகத்துக்கும் ஆகாது.
எழுத்துகள் என் கண்முன் இடம் மாறி உட்காரும்.
வகுப்பில் எழுந்து வாசித்த அன்று
"போதும் டுவெய்ன், உட்கார்" என்றார்கள்.
உட்கார்ந்தவன்தான், நாற்பது வருடம்.

முதல் மூன்று அத்தியாயம் ஒரே மழை, ஒரே வம்சாவளி.
நிறுத்தியிருப்பேன். கையுறையைக் கழற்றச் சோம்பல்.
அவளுக்கு ஜலதோஷம். பக்கம் புரள்வது கேட்கும்.
எங்கோ பின்கட்டில் ஒரு நாய் குரைக்கும்;
அது முடிக்கும்வரை காத்திருந்து
விட்ட சொல்லிலிருந்து எடுப்பாள்.

நான்காவதில், பாலத்துச் சுங்கச்சாவடிக்காரன்
மச்சானின் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறான்.
பேனாவை மைக்கூட்டில் இரண்டு முறை தோய்க்கிறான்.

பிரேக்கை மிதித்துவிட்டேன்.
பின்னால் ரூடி வாஸெக்கின் ஹாரன் அலறியது.

எண்பத்தைந்து, எங்கள் சமையலறை மேசை.
தம்பிக்காக அப்பா குனிகிறார்; பேனா எழுதவில்லை.
பழைய டீசல் பில்லின் முதுகில் கிறுக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி குனிகிறார்.
மார்ச்சில் ஏலம்.
ஏழாவது மைலில் இடதுபக்கம் அந்த நிலம்;
அதில் விளைந்ததையும் சுமக்கிறேன், எடையில் வித்தியாசமில்லை.
மையில் தொட்டு எழுதிய காலத்து ஆளுக்கு
எங்கள் மேசை எப்படித் தெரிந்தது?

எடைமேடைச் சன்னலில் ஜொலீன் பெர்க்வாம்.
சீட்டை வாங்கும்போது வாய் தவறிவிட்டது:
"சாவடியை எழுதிக் கொடுத்துட்டான், முட்டாள்."
"யாரு?"
பின்னால் பதினான்கு லாரி. கிளம்பிவிட்டேன்.
அடுத்த லோடில் அவளே கேட்டாள்: "பொண்டாட்டிக்குத் தெரியுமா?"
அப்படித்தான் அந்த நாவலை அவளுக்குச் சொன்னேன்,
சீட்டு அச்சாகும் ஒன்பது வினாடி, ஒன்பது வினாடியாக.
நாயைப் பற்றியும் சொன்னேன்.

அத்தியாயம் நாற்பத்தொன்றில் ஓர் ஆண்குரல்.
அரிசி மூட்டை எண்ணுகிறவன் மாதிரி வாசித்தான்.
சாவடிக்காரன் மனைவி அழும் இடத்திலும் அதே எண்ணிக்கை.
பெர்னிஸ் எங்கே? ஒரு வார்த்தை இல்லை.
பூமியின் அடிப்பக்கத்தில், முகம் தெரியாத ஒருத்திக்காக
நடுச்சாலையில் கோபப்பட்டேன்.
ஆனால் வெள்ளம் பாலத்தைக் கொண்டுபோன இடத்தில்
அவன் குரல் ஒரே ஒருமுறை இடறியது.
அதற்காக மன்னித்தேன்.

ஐம்பத்துமூன்றில் அவள் திரும்பினாள்.
எனக்கு நடுவே ஆறு லோடு;
அவளுக்கு எத்தனை வருடமோ.
குரல் மெலிந்திருந்தது. அறை வேறு,
சொற்கள் வெறும் சுவரில் மோதித் திரும்பின.
சாவடிக்காரன் இல்லாத பாலத்தில்
காசு வாங்க நிற்கிறான்.
நான் கதையைக் கேட்கவில்லை, பின்கட்டைக் கேட்டேன்.

இருபத்திரண்டாம் இரவு மழை பிடித்துக்கொண்டது.
சேறு. அறுவடையை நிறுத்தினார்கள்.
இன்னும் ஒரு அத்தியாயம் பாக்கி.
ஜொலீன் சன்னலை மூடிவிட்டு, ஃபிளாஸ்கோடு
என் லாரியில் ஏறி உட்கார்ந்தாள். எஞ்சினை அணைத்தேன்.

முடிவு நன்றாயில்லை. அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்து,
கடனை ஏதோ ஒரு மாமா அடைத்துவிடுகிறார்.
எங்களுக்கு அப்படியொரு மாமா வரவில்லை.
"முற்றும்" என்றபின் பதிவு உடனே நிற்கவில்லை.
நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.
மூன்று காலடி.

கண்ணாடியில் மழை.
"நாய்?" என்றாள் ஜொலீன்.
தலையசைத்தேன்.
அவள் கோப்பையில் காப்பி ஊற்றி
எனக்குப் பாதி தந்தாள்.