எட்டு டிகிரி

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை சாலை,
குளிர்பதனக் கிடங்கு, மூன்றாம் அறை.
மாசியில் உலுக்கி, ஓடு தட்டி, கொட்டை எடுத்து
வந்து சேர்ந்த புளி
ஐப்பசியிலும் அதே செம்பழுப்பில்
மூட்டை மூட்டையாய்.
வெளியே கிடந்தால் கறுத்துவிடும்.
கறுத்தால் பாதி விலை.
நிறம் ஓடிவிடாமல் கதவைச் சாத்தி
உட்கார்ந்திருக்கத்தான் எனக்குச் சம்பளம்.

போன தையில் கூரியரில் இறங்கியது
என் ஜப்பான் மேப்பிள்.
இமாசலத்து நர்சரி, ஈரப்பாசி சுற்றி,
ஒரு முழம். விலையை வீட்டில் சொல்லவில்லை.
படத்தில் பற்றி எரிந்த மரம்
என் மொட்டைமாடியில்
சித்திரைக்கு ஓரம் கருகியது,
ஆடிக்காற்றில் கிழிந்தது,
பிழைத்து மறுபடி துளிர்த்து
கார்த்திகை பிறந்தும் பச்சை.
கறிவேப்பிலை கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் பெண்
அதையும் ஒருமுறை கிள்ளி மோந்து பார்த்தாள்.

பகலில் வெயில், இரவில் குளிர்,
அப்போதுதான் சிவக்கும் என்றார்கள்.
குளிரா?
நான் மாத வாடகைக்கு விடுகிற சரக்கு அது.

மாலை ஆறுக்கு உள்ளே, காலை ஏழுக்கு வெளியே.
கம்ப்ரசர் பார்க்கிற திம்மராயன்
கரகம் எடுப்பவர்போல்
கழுத்து அசையாமல் தொட்டியைத் தூக்கிப்போவார்.
‘காய்க்குமா மேடம்?’
‘காய்க்காது.’
‘பூ?’
‘பேருக்கு.’
‘பின்ன எதுக்கு?’
‘செவக்கும்.’
அவர் கதவின் ரப்பரைத் துடைத்தபடி,
‘நம்ம மாந்தோப்புல கொழுந்து
வர்றப்பவே செவப்பாத்தான் வருது.
போறப்ப செவந்து போறத
நான் பாத்ததில்ல’ என்றார்.

பேரேட்டில் அன்று எழுதினேன்:
மூட்டை இல்லை. தொட்டி ஒன்று.

பதினேழாவது காலை,
நரம்போரம் ஒரு கசிவு.
வெற்றிலை போட்டவர் உதடு துடைத்த
துண்டின் நுனிபோல, அவ்வளவுதான்.
பிறகு நாளுக்கு ஒன்று.
இருபத்துமூன்று இலையில் பதினொன்று சிவந்தது.
மற்றவை சம்மதிக்கவில்லை.

அதே அறை. முள் அதே எட்டில்.
புளியிடம் மாறாதே என்கிற குளிர்
இதனிடம் எதைச் சொல்லியிருக்கும்?
ஸ்வெட்டரோடு நடுவில் நின்று
கொஞ்சநேரம் கேட்டேன்.
விசிறி இரைந்தது.

மார்கழியில் மூன்று இலை உதிர்ந்தன.
இரண்டைத் தொட்டியடியில் பொறுக்கினேன்.
ஒன்றைக் காணோம்.

நான்காம் நாள் வாணியம்பாடியிலிருந்து போன்,
மொத்த வியாபாரி ஜமாலுதீன்:
‘மூட்டைத் தையலுக்குள்ள ஒரு எலைம்மா.
சின்னதா, வெரல் வெரலா, நல்ல செவப்பு.
கலப்படமா?’
‘எடைக்கு வராது பாய், எடுத்துப் போட்டுடுங்க.’
‘எடுத்துட்டேன். கல்லாவுல இருக்கு.
பேரு என்ன?’

சொன்னேன்.
திரும்பச் சொல்லச் சொன்னார்.
எழுதுகிறார்போல, பேச்சில்லை.
அந்தப் பக்கம் தராசில்
யாரோ ஒரு மூட்டையை இறக்கும் சத்தம்.