இரட்டை அடைப்புக்குறி

புதன், இரவு ஒன்பது.
மருந்துக்கடை ஷட்டரை இறக்கிவிட்டு வந்து
பனிக்காலணியைக்கூடக் கழற்றாமல் உட்காருகிறேன்.
வார்தோவில் சூரியனைப் பார்த்து ஆறு வாரம்.
இரவு என்பது இப்போது
கடிகாரம் சொல்லி நாங்கள் நம்புவது.

மூன்று பெயர்களின் அருகே பச்சைப் புள்ளி.

கெமியிலிருந்து தூலிக்கி. திருடி.
எந்தப் பூட்டும் தன் கைக்கு மசியும் என்பாள்,
பகடையை உருட்டினால் இரண்டுதான் விழும்.

சஸ்காட்செவனில் மத்தியானம் இரண்டு மணி.
தானியக் கிடங்கின் எடைமேடையில் லாரிகளுக்கு நடுவே
கட்டைவிரலால் ஒரு ராட்சதனைத் தட்டச்சுகிறான் குவில்லன்.
ஏகப்பட்ட எழுத்துப்பிழை.
ராட்சதன் பேச்சே அப்படித்தான் என்று
முதல் மாதமே முடிவுசெய்துவிட்டோம்.

க்ளைப்பேடா துறைமுகத்தில் வைதோத்தாஸ்,
பகலெல்லாம் கிரேன் கூண்டுக்குள் தனியே.
இங்கே அவர் ஓர்னா,
கண் தெரியாத, வாய் ஓயாத படகுக்காரி.
நான்கு வருஷத்தில் அவர் குரலை ஒருமுறையும் கேட்டதில்லை.
ஓர்னாவின் குரலைக் கூட்டத்திலும் கண்டுபிடிப்பேன்.

நான் நடத்துநர்.
டிக்கெட் கிழிப்பதில்லை.
மழையைக் கூப்பிடுவேன், பாலத்தின் கயிற்றை அறுப்பேன்,
யாராவது தேநீர் போடப் போனால்
ஓநாய்களை நிறுத்திவைப்பேன்.

விதி ஒன்றே ஒன்று:
உலகம் பேச வேண்டுமானால்
இரட்டை அடைப்புக்குறிக்குள் பேசட்டும்.
((லாரி வந்துவிட்டது, இரண்டு நிமிஷம்))
((பூனை விசைப்பலகையில் ஏறிவிட்டது, அது மந்திரம் இல்லை))
வெளியே இருப்பதெல்லாம் கதை.

அன்று நடுப்பாலத்தில் இருந்தோம்.
கீழே ஆறு. பின்னால் தீப்பந்தங்கள்.
ஓர்னாவின் முறை.
வைதோத்தாஸ் எழுதிக்கொண்டிருக்கிறார் என்றது திரை.
நின்றது.
எழுதிக்கொண்டிருக்கிறார்.
நின்றது.
பிறகு ஒரே ஒரு வரி, அடைப்புக்குறி இல்லாமல்:

யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

பாலத்தில் ஏது கதவு?
குவில்லன்கூட ஒன்றும் தட்டவில்லை.
நான் விரல்களை ஊதிச் சூடேற்றிக்கொண்டு எழுதினேன்:
பாலத்தின் நடுவே, சுவரில்லாமல்,
ஒரு கதவு நிற்கிறது. பச்சைச் சாயம், உரிந்திருக்கிறது.

யார் அது என்றான் ராட்சதன், இரண்டு பிழைகளோடு.

என் மகன் என்றாள் ஓர்னா.
தட்டுகிற விதம் தெரியும்.
ஏழு வருஷம்.

ஓர்னாவுக்குப் பிள்ளை கிடையாது.
அவள் வரலாறு முழுதும் என்னிடம் இருக்கிறது,
மூன்று பக்கம், நானே திருத்தியது.

யாரும் கேட்காமலே தூலிக்கி பகடை உருட்டினாள்.
இரண்டு.
பூட்டு அசையவில்லை என்று எழுதினாள் பாவம்,
பொய் சொல்ல வராத திருடி.

நீண்ட நேரம் மூன்று புள்ளிகள்
குதித்துக் குதித்து அடங்கின.

பூட்டே இல்லை என்று வந்தது.
என்றைக்கும் இருந்ததில்லை.

அதோடு அவர் பெயர் சாம்பலானது.

தீப்பந்தங்களை நிறுத்திவைத்தேன்.
ஆற்றையும் நிறுத்தினேன், அது தேவையே இல்லை என்றாலும்.
மூன்று பேர் ஒரு கதவின் இந்தப் பக்கம்
நாற்பது நிமிஷம் எதுவும் எழுதாமல் இருந்தோம்.
கிடங்கு வாசலில் லாரி ஒன்று ஹாரன் அடித்திருக்க வேண்டும்;
குவில்லன் அடைப்புக்குறியைத் திறந்தான்,
உள்ளே ஒன்றும் வைக்காமல் மூடினான்.

அடுத்த புதன் ஓர்னா நேரத்துக்கு வந்தாள்.
ராட்சதனைத் திட்டினாள், ஆற்றின் வாடையைத் திட்டினாள்,
துடுப்பால் ஒருவன் மண்டையைப் பிளந்தாள்.
நாங்கள் கேட்கவில்லை.
பத்து மணிக்கு மட்டும்:

((இன்று சீக்கிரம் கிளம்பணும். இரண்டு பேருக்குச் சமையல்.
உப்பு எவ்வளவு என்றே மறந்துவிட்டது))

வரைபடத்தில் அந்தக் கதவு இன்னும் இருக்கிறது.
எதிரிகள் சுற்றிக்கொண்டு போகிறார்கள்.
ராட்சதன் ஒவ்வொரு முறையும் அதற்குள் நுழையப் பார்த்து
தோளில் சிக்கிக்கொள்கிறான்.
தூலிக்கி இழுக்கிறாள்,
பகடையில் இரண்டு.