அ இல்லாத அகராதி

லாங்கு பஜாரில் எடைக்குப் போட்ட குவியலிலிருந்து
நாற்பது ரூபாய்க்கு எடுத்தேன்.
அட்டை இல்லை. அ முழுக்க இல்லை.
ஆலங்கட்டியில் தொடங்குகிறது உலகம்.
"அம்மா கூட இல்லாத புஸ்தகம்டி அமுலு"
என்று சிரித்தாள் ஷாகிரா அக்கா.
கடை அவளுடையது, கத்தரி என்னுடையது.

அகராதிக்குக் கொசுறாக வந்தது
பழம்பாட்டுப் புத்தகம் ஒன்று.
முதல் வரியிலேயே மூன்று சொல் தெரியவில்லை.
தமிழ் தெரியும் என்று
இருபத்தொன்பது வருஷம் நம்பியிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்குப் பின்சந்தில் எங்கள் கடை.
இரண்டு நாற்காலி, விளிம்பு உடைந்த கண்ணாடி.
சந்து முழுக்க வங்காள எழுத்துப் பலகைகள்,
கடுகெண்ணெயில் மீன் பொரியும் வாசம்.
புருவம் திருத்த வருகிறவர்கள் குறைவு.
மருந்து ஏறினால் தானாக உதிருமாம்,
அதைப் பார்க்கத் தாங்காதென்று
மொத்தமாக எடுக்கச் சொல்லி வருகிறவர்கள்தாம் அதிகம்.

ஆளில்லாத மத்தியானங்களில் வரிசையாகப் படித்தேன்.
ஐம்பால்: கூந்தலை ஐந்து வகையாய் முடிப்பது.
எங்களிடம் இரண்டே வகை.
முதலில் மூன்றாம் நம்பர் மெஷின், பிறகு பூஜ்யம்.
ஓதி. கதுப்பு. கூழை.
ஆண்பிள்ளைக்கென்றால் குஞ்சி.
முடிக்கு இத்தனை பெயர் வைத்தவர்கள்
அதை இழப்பதற்கு என்ன பெயர் வைத்தார்கள்
என்று தேடியிருக்கிறேன்.
மழித்தல் இருந்தது. அது சாமியாருக்கு.

பாட்டில் ஒருத்தியின் கூந்தல்
அறல் போல இருந்ததாம்.
அறலுக்கு எங்கே போவேன்?
அது அ-வோடு போயிற்று.
மாசியில் க-வுக்கு வந்தபோது
கருமணல் என்று ஒரு சொல்.
எதிரே பொருள்: அறல்.
பூட்டுக்குச் சாவி, சாவிக்குப் பூட்டு,
வீடு எங்கே என்று சொல்லவில்லை.

புரட்டாசியில் மால்டாவிலிருந்து வந்தாள் மினோதி.
புருஷன் வாசலில்
குடித்து முடித்த டீக் கிளாஸைக் குடித்துக்கொண்டிருந்தான்.
பின்னலை முன்னால் எடுத்துப் போட்டு
"ஆமார் சுல்" என்றாள்.
என் காதில் சூல் என்று விழுந்தது.
அவள் தொட்டுக் காட்டியது முடியை.
பின்னலோடு வெட்டாமல் பிரித்துவிட்டேன், ஏனோ.
வெள்ளைத் துணியில் கிடந்தது
இடுப்பளவு நீளம், இன்னும் நெளிவு கலையாமல்.
பெருக்க வந்த ஷாகிரா அக்கா
துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
வெளியே போனாள்.

அன்றிரவு சூல் பார்த்தேன்.
கருப்பம். மேகம் நீர் கொள்ளுதல்.
முடி என்று எங்குமில்லை.
காது செய்த தப்பு.
என்றாலும் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு.

கார்த்திகையில் பாலாற்றில் பதினோரு நாள் தண்ணீர்.
ஊரே பாலத்தில் நின்று செல்போனில் பிடித்தது.
பன்னிரண்டாம் நாள் யாரும் இல்லை.
விருதம்பட்டுக்கு நடந்து போகிறவள் நான்,
ஓரமாய் இறங்கிப் பார்த்தேன்.
வெளுத்த மணலில் கறுப்பு மணல் வரிவரியாக,
ஒவ்வொரு வரியும் நெளிந்து, ஒன்றையொன்று தொடாமல்.
பெரிய பல் சீப்பால் தண்ணீர் வாரிவிட்டு
எழுந்து போயிருந்தது.

பாட்டுக்காரனுக்குக் கூந்தலைப் பார்த்ததும்
ஆறு வந்தது.
எனக்கு ஆற்றைப் பார்த்ததும்
வெள்ளைத் துணி.
செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.
மிதிக்காமல் திரும்ப
வெகுநேரம் பிடித்தது.

பழைய காலண்டர் தாள் நான்கைத்
திருப்பிப் போட்டுத் தைத்தேன், ஆலங்கட்டிக்கு முன்னால்.
நான்காம் தாளின் அடியில் எழுதினேன்:

அறல். பெயர்ச்சொல். தண்ணீர்.
தண்ணீர் போன தடம்.
பிரித்த பின்னல் மறக்காத நெளிவு.
காண்க: மினோதி.

மேலே மூன்றரைத் தாள் காலி.
"அம்மாவை எப்போது போடுவாய்?"
என்கிறாள் ஷாகிரா அக்கா,
மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டே.