வழக்கு

வுப்பர்டால் நீதிமன்றம், அறை இருநூற்றுப் பன்னிரண்டு.
ஹீட்டருக்குப் பக்கத்தில் எனக்கொரு நாற்காலி.
பிசகாமல், மனச்சாட்சிப்படி பெயர்ப்பேன் என்ற
என் சத்தியம் ஏற்கெனவே கோப்பில் இருக்கிறது.

நீதிபதிக்குத் தடிமன்.
இருமல் மிட்டாயைக் கன்னத்துக்குள் ஒதுக்கிவிட்டு
வீட்டுக்காரர் பிரிங்க்மனுக்குச் ‘சொந்தத் தேவை’ என்கிறார்:
மகள் படிப்பு முடித்து வருகிறாளாம்.
சொன்னேன்.
திலகேஸ்வரி அக்கா தலையாட்டினார்.
“தேவை எண்டால் தேவைதானே. எனக்கும் தேவை.”

பிறகு இரண்டு சொற்கள் வந்தன:
பெசிட்சர், ஐகன்டியூமர்.
தெருவில் ஜெர்மன்காரரே மாற்றிப்போட்டுப் பேசுவார்கள்.
இங்கே இரண்டுக்கும் நடுவில் மதில்.
வீடு உங்கள் வசம், ஆனால் உங்களுடையது அல்ல
என்று ஒருவாறு கொண்டுவந்து சேர்த்தேன்.
“இருபத்திரண்டு வருசமாய்ப் போனிலை
என்ரை வீடு, என்ரை வீடு எண்டு சொன்னனே,
அந்த ‘ரை’க்கு ஒரு பெறுமதியும் இல்லையோ?”
இதையும் பெயர்க்க வேண்டும்.
ஜெர்மனில் ‘ரை’ இல்லை. ‘மைன்’ என்றேன்.
நீதிபதி சிரிக்கவில்லை; பாவம், இருமினார்.

கடைசியாக ‘ஹேர்ட்டே’.
அகராதியில் கடினம். கல்லுக்கும் காய்ந்த பாணுக்கும் சொல்வது.
சட்டத்தில் அது வாசலுக்குக் குறுக்கே போடும் கட்டை:
வெளியேற்றினால் தாங்கமாட்டார் என்று காட்டினால்
ஒருவரை வீட்டிலேயே விட்டுவைக்கலாம்.
இரவு தேடி வைத்திருந்த சொல்லைக் கொடுத்தேன்.
“வீடு மாறினால் உங்களுக்கு
இடர்ப்பாடு ஏதும் உண்டா?”

அக்கா கோட்டுப் பொத்தானைத் திருகினார்.
“சீச்சீ, அப்பிடி ஒண்டும் இல்லை.”

அது மரியாதை.
தேத்தண்ணி வேண்டாம் என்று முதல் தடவை சொல்வோமே, அது.
இரண்டாம் தடவை கேட்கட்டும் என்று சொல்வது.
இந்த அறையில் இரண்டாம் தடவை இல்லை.
கையைத் தூக்கினேன்; தோள்வரைகூட வரவில்லை.
இல்லையாம், அப்படி எதுவும் இல்லையாம் என்றேன்
ஜெர்மனில், பிசகாமல்.
நீதிபதி சிறு பெட்டிக்குள் சொன்னார்:
பிரதிவாதி இடர்ப்பாடு எதையும் கூறவில்லை, முற்றுப்புள்ளி.
தீர்ப்பு மூன்று கிழமையில்.

தொங்குரயில் நிலையத்தில் லிஃப்ட் பழுது.
ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து
ஏறினார்.
“முழங்கால் சாகுது பிள்ளை.
இப்ப கீழ்வீடு எண்டபடியால் தப்பிச்சன்.”
அங்கே ஏன் சொல்லவில்லை என்றேன்.
“ஆர் கேட்டது? இடர் எண்டல்லோ கேட்டனீர்.
இடர் எண்டால் வீடு எரியிறது.
இது சும்மா கால்.”

வழக்கு என்றால் கோர்ட்டில் நடப்பது.
வழக்கு என்றால் வாயில் நடப்பதும்தான்.
ஒரே சொல்லின் இந்தப் பக்கத்திலிருந்து
அந்தப் பக்கத்துக்கு
அவரைக் கூட்டிப்போக எனக்குத் தெரியவில்லை.

குறிப்புப் புத்தகத்தில் ‘ஹேர்ட்டே’க்கு எதிரே
இடர்ப்பாட்டை வெட்டிவிட்டு
முழங்கால் என்று எழுதினேன்.
அதன் கீழே: டாக்டர் கடிதம்?
ஆற்றுக்கு மேலே ரயில் ஆடியாடி வந்தது.
“இருக்க இடமிருக்கோ?” என்றார் அக்கா.
யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.